கை கரையில, காயிதம் கடல்ல

எங்க வூட்டுக்காரரு பேரு மாரியப்பன். காசிமேட்டுல அந்தப் பேரச் சொன்னா எவனுக்கும் தெரியாது, வின்ச்சு மாரின்னு கேட்டாத்தான் ஆளக் காட்டுவாங்க. விசைப்படகுல, கடலுக்கு அடியில கெடக்கற வலைய மேல இழுக்கறதுக்கு ஒரு பெரிய உருளை கீது. இரும்புக் கம்பிக்கயிறு அதுல சுத்திகினே ஏறும். அதான் வின்ச்சு. இருவத்தெட்டு வருசமா அது முன்னால நின்னுகினு கீற மனுசன். இப்போ அம்பது ஆவுது.

கரைக்கு வந்தா அந்த ஆளுக்கு ஒரு எடத்துல குந்த வராது. எர்ணாவூரு குடியிருப்புல கீழ் வூடு எங்களுது. சோறு போட்டா பாதி துன்னுட்டு எழுந்து, வாசல்ல நாலு நடை நடந்துட்டு வந்து மீதியத் துன்னும். டிவிய நின்னுகினேதான் பாக்கும். தடைக்காலம், மீனு புடிக்கக் கூடாதுன்னு ரெண்டு மாசம் போட்டையெல்லாம் கட்டிப் போட்டுடறாங்களே, அந்த ரெண்டு மாசம் நான் படற பேஜாரு கொஞ்ச நஞ்சம் இல்ல. நான் கட்டின துணிக்கொடிய அவுத்துட்டு வேற மாதிரி கட்டும். கேட்டா, “நீ கட்டினது கட்டா மே?”ன்னு என்னையே கேக்கும்.

அதவுட பெரிய தொல்லை ஒண்ணு கீது. முடிச்சு. கையில எது கெடைச்சாலும் முடிச்சு போடும். பால் பாக்கெட்டு வாங்கியார பை, கருவாட்டுப் பை, மாவு வெச்ச பை, எல்லாத்தோட வாயும் இறுக்கி முடிஞ்சி கெடக்கும். இடது கை எப்பவும் வின்ச்சு கம்பி மேல இருக்கணும் இல்ல, அதனால வலது கை ஒண்ணாலயே முடிச்சு போட்டுப் பழகிடுச்சி. கட்டை வெரலும் பக்கத்து வெரலும் என்னமோ பண்ணும், பாத்துகினு இருக்கும்போதே முடிச்சு வுழுந்துடும். அத நகத்தால அவுக்க முடியாது. நான் பல்லால கடிச்சித்தான் அவுக்கணும். என் முன்னம்பல்லு ஆடறதுக்கு இந்த ஆளுதான் காரணம்னு எல்லார்கிட்டயும் சொல்லிகினு திரிவேன்.

அந்தக் கைக்கு வந்த கதையத்தான் சொல்லப்போறேன்.

ஆறு வருசத்துக்கு முன்னால, வலை ஏறிகினு இருக்கும்போது கம்பிக்கயிறு உருளையில வரிசையா வுழாம ஓரத்துல ஏறிடுச்சி. அத இரும்பு ராடு வெச்சித்தான் தள்ளணும். இந்த ஆளுக்குத்தான் பொறுமை கெடையாதே, கையாலயே தள்ளிச்சி. சட்டைக்கை மாட்டிகினு வலது கை ஒரு சுத்து உள்ள போயி வந்துடுச்சி. போட்டு டிரைவரு தவசிமுத்து அண்ணன் ஓடியாந்து எஞ்சின அமுத்தலன்னா கை தனியா வந்திருக்கும். தோளுக்கும் முழங்கைக்கும் நடுவுல எலும்பு ரெண்டாப் போச்சி.

காலடிப்பேட்டையில ஒரு சின்ன நர்சிங் ஹோமு இருந்துச்சி அப்போ. அங்க ஒரு வயசான டாக்டரு. எலும்ப சேத்து, எட்டு ஓட்டை வெச்ச இரும்புத் தகடு வெச்சி ஸ்க்ரூ போட்டாரு. வூட்டுக்கு அனுப்பற அன்னிக்கு எங்க ரெண்டு பேரையும் குந்த வெச்சி, ஒரு வெள்ளத் தாள்ல படம் போட்டுக் காட்டினாரு.

அவரு சொன்னது எனக்கு இன்னிக்கும் ஞாபகம் கீது. மேல்கையில நரம்பு போற வழி எல்லாருக்கும் ஒண்ணுபோல இருக்காதாம். புஸ்தகத்துல ஒரு படம் இருக்கும், ஆனா நூறு பேரு கையத் தொறந்து பாத்தா பத்து இருவது பேருக்காவது எதுனா ஒரு மாத்தம் இருக்குமாம். ஒருத்தருக்கு ஒரு நரம்பே இருக்காது, அது வேலைய பக்கத்து நரம்பு பாத்துக்கும். இன்னொருத்தருக்கு நடுவுல ஒரு கெளை குறுக்கால போவும். வெளிய ஒண்ணும் தெரியாது, கை நல்லாத்தான் வேலை செய்யும், அந்த மனுசனே சாவற வரைக்கும் தெரிஞ்சிக்காம போயிடுவான். கத்தி எடுக்கறவங்களுக்குத்தான் அது ஆபத்து.

எங்க வூட்டுக்காரருக்கு எப்படின்னா, கட்டை வெரலுக்கும் பக்கத்து வெரலுங்களுக்கும் போவவேண்டிய நரம்புல ஒரு பாதி நேரா போவல. முழங்கைய மடக்கற சதைக்குப் போற நரம்புகூட சேந்துகினு ஊரச் சுத்திட்டு, பாதி வழியில ஒரு கெளையாப் பிரிஞ்சி, குறுக்கால வந்து பழைய நரம்புல சேருது. அந்தக் குறுக்கால வர கெளை, டாக்டருங்க வழக்கமா சதையப் பிரிக்கிற எடத்துலயே கீதாம். மொதல்ல சதையப் பிரிக்கும்போதே அவருக்கு ஒரு நிமிசம் கை நின்னுபோச்சாம். தகட்ட அந்தக் கெளைக்கு அடியில நொழைச்சி வெச்சிக்கீறாரு.

“இந்தத் தாளப் பத்திரமா வெச்சிக்குங்க. இந்தக் கைய வேற யாருனா தொறந்தா, மொதல்ல இதப் பாத்துட்டுத்தான் தொறக்கணும்.”

ரெண்டு மூணு தடவை அழுத்திச் சொன்னாரு. நான் மண்டைய மண்டைய ஆட்டினேன். இந்த ஆளு இன்னா பண்ணிச்சி தெரியுமா? படத்துல எது தோள் பக்கம் எது கை பக்கம்னு தெரியலயாம், எல்லாம் இங்கிலீசுல எழுதிக்கீதாம். டாக்டரு மேசையில கெடந்த பேனாவ இடது கையால எடுத்து, கோணல் மாணலா அந்தத் தாள்ல ஒரு நங்கூரம் கிறுக்கி வெச்சிச்சி. எனக்கு மானம் போயிடுச்சி. பெரிய மனுசன் எழுதிக் குடுத்த காயிதத்துல கிறுக்கறியே, நீ இன்னா பாலர் வகுப்பான்னு ஆசுபத்திரி வாசல்லயே கேட்டேன். அது சிரிச்சிகினே நடந்துச்சி.

அந்தக் காயிதத்த எங்க வெக்கறதுன்னு அடுத்த சண்டை. நான் பீரோவுல வெக்கணும்னேன். அது போட்டுல வெக்கணும்னுச்சி. எங்க போட்டு பேரு பவளவல்லி. எங்களுதுன்னா நாங்க ஓனரு இல்ல, அதுல அது வேலை செய்யுது. போட்ட ஓட்டற வீல் ரூமுல அங்காளம்மன் படத்துக்குக் கீழ ஒரு தகரப் பொட்டி கீது. போட்டு ஆர்சி, இன்சூரன்சு, ஆளுங்களோட அடையாள அட்டை எல்லாம் அதுக்குள்ளதான். ஒரு கவருல போட்டு அதுக்குள்ள வெச்சிடுச்சி.

அதோட நியாயம் இது. மறுபடி இந்தக் கை அடிபட்டா எங்க அடிபடும்? வின்ச்சுலதான் படும். வின்ச்சு எங்க கீது? போட்டுலதான் கீது. அப்போ காயிதம் போட்டுல இருந்தாத்தான் ஆளோட சேந்து கரைக்கு வரும். கடல்ல போற எல்லாருக்கும் இதே புத்திதான். முக்கியமானது எதுவா இருந்தாலும் போட்டுல வெப்பாங்க, வூட்ட நம்ப மாட்டாங்க. கேளு, அதுலயும் ஒரு கொடுமை. போன வருசத்துக்கு மொத வருசம் டிசம்பர் மழையில எங்க வூட்டுக்குள்ள இடுப்பளவு தண்ணி வந்துச்சி. எண்ணெ மெதக்கற தண்ணி. ரேசன் கார்டுலேந்து எங்க கல்யாணப் போட்டோ வரைக்கும் கறுப்பாப் போச்சி. போட்டுல இருந்த அந்தக் காயிதம் மட்டும் தப்பிச்சிடுச்சி. அப்பால நான் இன்னா பேசறது? வாய மூடிகினேன்.

போன வருசம் தடைக்காலம் முடிஞ்சி போட்டுங்க கெளம்பின நேரம். மொத ரெண்டு மாசம்தான் மீனு நல்லா வுழும். இந்த ஆளுக்குத் தோளுக்குக் கீழ பழைய தையல் மேல ஒரு கொப்புளம் வந்து ஒடைஞ்சிக்கீது. சீழு வந்துகினு கீது. என்கிட்ட மூச்சு வுடல. முழுக்கை சட்டை போட்டுகினு ரெண்டு தடவை கடலுக்குப் போயி வந்துச்சி. வேக்காட்டுல முழுக்கை சட்டை போடுதேன்னு எனக்காவது உறைச்சிருக்கணும். உறைக்கல. அத நெனச்சா இன்னிக்கும் என் தலையில நானே அடிச்சிக்கத் தோணும்.

மூணாவது தடவை போட்டு கெளம்பற அன்னிக்கு அதால எழுந்துக்கவே முடியல. காய்ச்சல். வேற ஒரு ஆள வின்ச்சுக்கு ஏத்திகினு பவளவல்லி போயிடுச்சி. மறுநாளு காலையில பாத்தா மேல்கை வீங்கி பளபளன்னு கீது, வாயில இன்னான்னாவோ ஒளறுது. ஆட்டோவப் புடிச்சி ராயபுரம் பக்கம் கவுருமெண்டு ஆசுபத்திரிக்கு இட்டுகினு போனேன். ஆட்டோவுலயும் நேரா குந்தல, எறங்கி நடக்கறேன்னு கம்பியப் புடிச்சி இழுத்துகினே வந்துச்சி.

அங்க எலும்பு டாக்டரு ஒரு பொண்ணு. பேரு கார்குழலி. முப்பத்தஞ்சு வயசு இருக்கும், புளியாந்தோப்புக்காரங்க. எக்ஸ்ரே எடுத்தாங்க, ரத்தம் எடுத்தாங்க. எலும்பு கூடிடுச்சி, தகட்டுல சீழு புடிச்சிக்கீது, ரத்தத்துலயும் ஏற ஆரம்பிச்சிடுச்சி, இன்னிக்கே தொறந்து தகட்ட எடுத்தாவணும்னாங்க. அப்பால ஒரு துண்டுப் பேப்பர இந்த ஆளு கட்டை வெரலுக்கும் பக்கத்து வெரலுக்கும் நடுவுல குடுத்து இறுக்கிப் புடிக்கச் சொல்லி இழுத்துப் பாத்தாங்க. காய்ச்சல்லயும் கெட்டியாத்தான் புடிச்சிகினு இருந்துச்சி. கட்டை வெரல் நல்லா வேலை செய்யுதுன்னு எழுதிகினாங்க.

கையெழுத்து போட பேனாவ வாங்கும்போதுதான் எனக்குப் பழைய டாக்டரு ஞாபகம் வந்துச்சி. சொன்னேன். நரம்பு வேற வழியா போவுதாம், படம் போட்டுக் குடுத்தாரு, அதப் பாக்காம தொறக்கக் கூடாதுன்னாருன்னு. அந்தம்மா எழுதறத நிறுத்திட்டாங்க. அந்தப் படம் எங்கன்னு கேட்டாங்க.

போட்டுல கீது, போட்டு கடல்ல கீது, வர ஒம்போது நாளாவும்னேன்.

அந்த நர்சிங் ஹோமுல கேக்கலாமான்னாங்க. அது கொரோனாவுலயே மூடிட்டாங்க. பெரிய டாக்டரும் அதே வருசம் போயிட்டாரு. இப்போ அங்க செல்போன் கடை கீது.

அந்தம்மா எக்ஸ்ரேவ வெளிச்சத்துல மாட்டி எனக்குக் காட்டினாங்க. டாக்டருங்களுக்கு இதுல ஒரு வழக்கம் கீதாம். மேல்கைச் சதைய நடுவுல ரெண்டாப் பிரிச்சா ரெண்டு பக்கத்து நரம்பும் தப்பிச்சிடும், எல்லாரும் அப்படித்தான் கத்துக்கறாங்களாம். சீழு தோள் பக்கமா திரண்டு கீது, அதனால அங்கதான் மொதல்ல தொறந்து சட்டுன்னு எறங்கலாம்னு அவங்க நெனச்சிகினு இருந்தாங்களாம். ஆனா இந்த மனுசனுக்கு அந்த நடுவுலயே ஒரு நரம்பு எங்கியோ குறுக்கால கீது. புதுசா தொறக்கற கைன்னா நரம்பு வெள்ளையா தனியாத் தெரியும். இது ஏற்கெனவே தொறந்த கை, பழைய தழும்பும் சீழும் சேந்து எல்லாம் ஒரே குழம்பா ஒட்டிகினு இருக்கும், தழும்பு எது நரம்பு எதுன்னு கண்ணுக்குத் தெரியாது.

“அது அறுந்துபோச்சின்னா கட்டை வெரலு புடிக்காதும்மா,”ன்னாங்க. “உசுர நான் பாத்துக்கறேன். கைக்குத்தான் அந்தப் படம் வேணும். ரெண்டு மணி வரைக்கும் காத்திருப்பேன். அதுக்கு மேல முடியாது.”

மணி அப்போ பதினொண்ணரை. அந்த வெரலு புடிக்கலன்னா அந்த ஆளு வின்ச்சுல நிக்க முடியாது. வின்ச்சுல நிக்க முடியலன்னா அத நான் வூட்ல எப்படி வெச்சிப்பேன்? கரையில ரெண்டு மாசமே தாங்காத மனுசன். அழுவக்கூட நேரம் இல்ல.

டாக்டரம்மா செல் நம்பர வாங்கிகினு துறைமுகத்துக்கு ஓடினேன். அங்க ஷாகுல் ஹமீது பாய்னு ஒருத்தரு, போட்டு வயர்லெஸ்சு ரிப்பேரு பண்றவரு. கடை மாடியில உசரமா கம்பம் நட்டு ஏரியல் கட்டி வெச்சிக்கீறாரு. கடல்ல செல்லு எடுக்காது, வயர்லெஸ்சு ஒண்ணுதான். பாய் நான் சொன்னதப் பாதியிலயே புரிஞ்சிகினு மைக்க எடுத்துட்டாரு. பவளவல்லி, பவளவல்லின்னு கூப்டுகினே கீறாரு. கொரகொரன்னு சத்தம் மட்டும்தான். பழவேற்காட்டுக்கும் அந்தாண்ட போயிருக்கும், இங்கேந்து எட்டாது, நடுவுல ஒரு போட்டு இருந்து வாங்கிச் சொன்னாத்தான் உண்டுன்னாரு.

நடுவுல யாருனா கீறீங்களான்னு கேட்டாரு. ஒரே ஒரு கொரல் வந்துச்சி. ஜெஸ்வின்.

போயும் போயும் அவரா? ஜெஸ்வின் இன்னொரு போட்டு டிரைவரு. ரெண்டு வருசத்துக்கு முன்னால அவரு வலையும் எங்க வலையும் கடல்ல சிக்கிகிச்சி. நிதானமாப் பிரிக்கலாம்னு அவரு சொல்லிகினே இருந்தாராம், இந்த ஆளு பொறுமையில்லாம அவரு வலைக்கயிற அறுத்துவுட்டுடுச்சி. அப்பலேந்து மூஞ்சி பாக்கறது இல்ல. நான் பாய்கிட்ட மைக்க வாங்கினேன். தம்பி, நான் வின்ச்சு மாரி பொஞ்சாதி பேசறேன்னு ஆரம்பிச்சி எல்லாத்தையும் சொன்னேன். அப்பால, இரு அக்கா, வலைய ஏத்திட்டு வடக்கால ஓட்டறேன், அப்பதான் ரெண்டு பக்கமும் கேக்கும்னாரு. எறக்கின வலைய பாதியில ஏத்தினா அன்னிக்கு மீனுப் பாடு போச்சி. அத அவரு சொல்லிக் காட்டல.

பன்னெண்டே முக்காலுக்கு பவளவல்லி கெடைச்சிச்சி. தவசிமுத்து அண்ணன் பேசறது ஜெஸ்வினுக்குக் கேக்கும், ஜெஸ்வின் பேசறது எங்களுக்குக் கேக்கும். பாய் என் செல்ல வயர்லெஸ்சு ஸ்பீக்கர் மேல வெச்சாரு, அந்தப் பக்கம் டாக்டரம்மா எக்ஸ்ரேவக் கையில வெச்சிகினு கேட்டுகினு இருந்தாங்க. ஒவ்வொரு கேள்வியும் ரெண்டு வாயி மாறிப் போவணும், பதிலும் அதே மாதிரி வரணும். ஒவ்வொரு தடவையும் சரிதானான்னு டாக்டரம்மா திருப்பிச் சொல்லச் சொன்னாங்க. ஜெஸ்வின் ஒரு தடவைகூட சலிச்சிக்கல.

தகரப் பொட்டியத் தொறந்தாங்க, காயிதம் கீது. தகட்டுல எத்தினி ஓட்டை? எட்டு. எக்ஸ்ரேவுலயும் எட்டு. கோடு எத்தினி? தகட்டு ஓரமா ரெண்டு கோடு நீளமாப் போவுது, அது இரும்பத் தொடல. அதுங்க ரெண்டுக்கும் நடுவுல ஒரு கோடு, சாய்வா, இரும்பு மேலயே குறுக்கால போவுது. எந்த எடத்துல? மேலேந்து எண்ணினா அஞ்சாவது ஓட்டைக்கும் ஆறாவது ஓட்டைக்கும் நடுவுல.

எனக்கு மூச்சு வந்துச்சி. டாக்டரம்மாவுக்கு வரல. மேலேன்னா எது மேலே? காயிதத்துக்கு ஏது மேல கீழ? தோள் பக்கமா, முழங்கை பக்கமா, ஓரத்துல எழுதியிருப்பாங்களே, ஒவ்வொரு எழுத்தாப் பாத்துச் சொல்லச் சொல்லுங்கன்னாங்க.

கேள்வி போச்சி. பதில் வர நேரமாச்சி. கவருக்குள்ள கடல் ஈரம் எறங்கி ஓரத்து எழுத்தெல்லாம் நீலமா கலைஞ்சி கெடக்குதாம். நடுவுல கீற படம்தான் தெளிவா கீதாம். தவசி அண்ணன் தாளத் தலைகீழா திருப்பிப் பாத்தாரு, வெளிச்சத்துல புடிச்சிப் பாத்தாரு, ஒண்ணும் படிக்க முடியல.

மணி ஒண்ணு இருவது. டாக்டரம்மா செல்லுல மெதுவா சொன்னாங்க, தோள் பக்கத்துலேந்து அஞ்சாவதுன்னா நான் நெனச்ச எடத்துல தைரியமா எறங்கலாம், கை பக்கத்துலேந்து அஞ்சாவதுன்னா நான் எறங்கற எடத்துலயே நரம்பு கீதுன்னு. நான் அந்தக் கடை மாடியில குறுக்கயும் நெடுக்கயும் நடந்துகினு கீறேன். என் புருசன் மாதிரியே.

அப்போ ஜெஸ்வின் கொரல் மறுபடி வந்துச்சி. வேற ஒண்ணும் இல்லக்கா, ஒரு ஓரத்துல நங்கூரம் மாதிரி எதுவோ அழுத்திக் கிறுக்கிக்கீதாம், அது டாக்டரு போட்டது இல்லன்னு தவசி அண்ணன் சொல்றாருன்னாரு.

ஸ்பீக்கர் மேலேந்து செல்லப் புடுங்கிகினேன்.

“அம்மா, அது மணிக்கட்டப் பாருங்க. வலது மணிக்கட்டு. நங்கூரம் பச்சை குத்திக்கீது. அந்த ஆளு கை பக்கம் எதுன்னு தெரியறதுக்குத்தான் அதக் கிறுக்கிச்சி. நங்கூரம் கீற பக்கம் கை பக்கம்.”

அந்தம்மா செருப்பு சத்தம் கேட்டுச்சி, கட்டில் கிட்ட போனாங்க போலக்கீது. ஆமாம்மா கீதுன்னாங்க. இத்தினி நேரம் டாக்டராப் பேசிகினு இருந்தவங்க வாயிலேந்து புளியாந்தோப்பு வந்துடுச்சி. இப்போ அவர நங்கூரத்துலேந்து எண்ணச் சொல்லும்மான்னாங்க.

தவசி அண்ணன் நங்கூரத்த மேல வெச்சித்தான் தாளப் புடிச்சிகினு இருந்தாராம். நங்கூரத்துலேந்து அஞ்சுக்கும் ஆறுக்கும் நடுவுல. தோள்லேந்து எண்ணினா மூணுக்கும் நாலுக்கும் நடுவுல. டாக்டரம்மா எறங்க இருந்த எடமே அதுதான். மூணு தடவை எண்ண வெச்சாங்க, மூணு தடவையும் அதேதான். எக்ஸ்ரே மேல மார்க்கரு பேனாவால கோடு போட்டுகினு ஒண்ணே முக்காலுக்கு உள்ள போயிட்டாங்க.

நான் ஆசுபத்திரிக்கு ஓடியாந்து காத்துகினு கெடந்தேன். அஞ்சு மணிக்கு டாக்டரம்மா வெளிய வந்து, என்னத் தேடிகினு வந்து பக்கத்துல குந்தினாங்க. சொன்ன எடத்துலயே நரம்பு இருந்துச்சாம். இரும்போட ஒட்டிகினு, சீழுல ஊறி, தழும்பு நாரு மாதிரியே இருந்துச்சாம். தெரியாம இருந்தா நாருன்னு நெனச்சி அறுத்திருப்பேன்னாங்க. முழங்கை பக்கத்துலேந்து தொறந்து, அத மெதுவாத் தூக்கி, அடியில கீற தகட்ட உருவி எடுத்தாங்களாம். அறுபடல. ஆனா சீழுல கெடந்த நரம்பு, என் கையும் பட்டுக்கீது, கொஞ்ச நாளு தூங்கும், எப்போ முழிக்கும்னு என்னால சொல்ல முடியாதுன்னாங்க.

மறுநாளு காய்ச்சல் எறங்கிச்சி. கட்டை வெரலு அசையல. பேப்பரக் குடுத்தாங்க, நழுவிக் கீழ வுழுந்துச்சி. அடுத்த நாளும் வுழுந்துச்சி. இடது கையில பலகை வெச்சிக் கட்டி சலைன் ஏத்திகினு கீறாங்க, அத அசைக்கக் கூடாது. வலது கை அசையாது. நடக்க வுட மாட்டாங்க. ஒரு எடத்துல குந்தாத மனுசன் அட்டென்சனா படுத்துகினு கூரையப் பாத்துகினு கெடக்குது. சண்டை போடல, டீ கேக்கல. அதான் எனக்கு பயமா இருந்துச்சி. அஞ்சாம் நாளு மட்டும் ஒரே ஒரு வார்த்தை கேட்டுச்சி, வின்ச்சுல இப்போ யாரு நிக்கறான்னு. வாய மூடிகினு படுய்யான்னு சொல்லிட்டு வெளிய போயி அழுதேன்.

ஜெஸ்வின் பாக்க வரல. பால் சுறா ஒண்ணு குடுத்து அனுப்பினாரு, புள்ள பெத்தவளுக்குக் குடுக்கற மாதிரி. புட்டு செஞ்சி எடுத்துகினு போயி யாரு அனுப்பினதுன்னு சொன்னேன். மிச்சம் வெக்காம துன்னுச்சி. நான் ஊட்டத்தான் துன்னுச்சி.

ஒம்போதாம் நாளு பவளவல்லி கரைக்கு வந்துச்சி. தவசி அண்ணன் மீனுகூட எறக்காம நேரா ஆசுபத்திரிக்கு வந்துட்டாரு. ஒரு பிளாஸ்டிக் பையில அந்தக் காயிதத்தப் போட்டு எடுத்தாந்து கட்டில் மேல, அது வலது கை பக்கமா வெச்சாரு. இனிமே இது கரையில இருக்கட்டும் மாரின்னாரு. அண்ணனுக்கு டீ வாங்கலாம்னு நான் அவர இட்டுகினு கீழ போனேன். டீக்கடையில நின்னு, அந்த நங்கூரத்த எண்ணின கதைய அவரு வாயால ஒரு தடவை கேட்டேன். அப்பால அவரு கெளம்பிட்டாரு, நான் மட்டும் மேல வந்தேன்.

அது கண்ண மூடிகினு கெடந்துச்சி. தூங்கறாப்போல. காயிதத்த டாக்டரம்மாகிட்ட காட்டி நாலு காப்பி எடுக்கணும்னு அந்தப் பைய எடுத்தேன். தொறக்க முடியல.

பையோட வாயி முடிஞ்சி கெடந்துச்சி.

அண்ணன் வெக்கும்போது வாயி தொறந்துதான் இருந்துச்சி, நான் என் கண்ணால பாத்தேன். கிட்ட வெச்சிப் பாத்தேன். கொஞ்சம் கோணலா, கொஞ்சம் தளர்வா இருந்துச்சி, ஆனா எனக்குத் தெரியாத முடிச்சா அது? இடது கை பலகையில கட்டினது கட்டினபடியே கீது. பக்கத்துக் கட்டிலு ஆளுக்குத் தொணையா இருந்த அம்மாகிட்ட, யாருனா வந்தாங்களான்னு கேட்டேன். யாரும் வரலயே, அவருதான் ரொம்ப நேரமா பையப் போட்டு நோண்டிகினு இருந்தாருன்னு சொன்னாங்க.

நான் இந்தப் பக்கம் திரும்பினேன். கண்ண மூடினபடியே, “அவுத்துடு பாக்கலாம் மே,”ன்னுச்சி.

தளர்வான முடிச்சுதான், நகத்தாலயே அவுத்திருக்கலாம். நான் பல்லால கடிச்சித்தான் அவுத்தேன்.